பிக்கோ ஆம்பியரும் ஒரு சந்தனப் பொட்டும்

அன்புள்ள மலர்விழி, இளங்கோ,

திருக்கடையூரில் நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தீர்களே, அன்றைக்குப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், இளங்கோ, உன்னைக் கூப்பிட்டு, "அப்பா என்ன வேலை பாத்தாங்க தம்பி?" என்று கேட்டார். "காலேஜ்ல, பிசிக்ஸ் லேப்ல" என்றாய். "லேப்ல என்ன?" என்றார். நீ பாயச வாளியைப் பார்த்துக்கொண்டே, "மிஷின் எல்லாம் பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. வீட்டுக்கு வந்து நான் எதையும் சொன்னவன் இல்லை. சொன்னாலும் ஒரு வாக்கியத்துக்குள் அடங்குகிற வேலையாகவும் அது இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்ளட்டும்.

என் படிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் தாத்தா குத்தாலம் பக்கத்தில் இன்னொருத்தர் நிலத்தில் தண்ணீர் கட்டியவர். என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். ரேடியோ, டிவி மெக்கானிக் படித்தேன். நீடாமங்கலத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சில வருஷம் இருந்தேன். பிறகு தஞ்சாவூரில் இந்தக் காலேஜ் வேலை. டெக்னீஷியன் என்று பேர். பல்பு மாற்றுவதும், மல்டிமீட்டருக்கு பியூஸ் போடுவதும், பரீட்சை சமயத்தில் மேசைக்கு மேசை ஒயர் இழுப்பதும் என்று முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கலைச்செல்வி மேடம் எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு வந்த பிறகுதான் நான் ப்ரீ ஆம்ப் என்ற ஒன்றைப் பார்த்தேன். மேடம் என்னைவிட ஏழு வயது சின்னவர்.

ப்ரீ ஆம்ப் என்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. நீங்கள் ஒரு டார்ச் லைட்டைப் போடுகிறீர்கள், அதில் ஓடுகிற கரண்ட்டைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்து ஒரு பங்கை எடுங்கள். அந்த ஒரு பங்கை மறுபடி பத்து லட்சம் பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரு பங்குக்குப் பிக்கோ ஆம்பியர் என்று பேர். அவ்வளவு சின்னக் கரண்ட்டை எந்த மீட்டரும் நேராகப் பார்க்காது. ப்ரீ ஆம்ப் அதை வாங்கி, மீட்டர் பார்க்கிற அளவுக்கு வோல்ட்டாகப் பெருக்கிக் கொடுக்கும். பெருக்குவது பெரிய விஷயமில்லை. தன்னுடைய இரைச்சலையும் பக்கத்து வீட்டு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்காமல் இருப்பதுதான் விஷயம். டியூப் லைட் எரிந்தால் அதற்குத் தெரியும். கேபிளை விரலால் அசைத்தால் தெரியும். அதனால் கேபிளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. வந்த புதிதில் ஒருநாள் மதியம் ரீடிங் கன்னாபின்னாவென்று ஆடியது. நான் டிவி கடைப் பழக்கத்தில் ப்ரீ ஆம்ப் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினேன். மேடம் பின்னால் நின்றிருக்கிறார்.

"ராஜேந்திரன், டிவியைத் தட்டினா படம் வரும். இதைத் தட்டினா நாம ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும்."

நிஜமாகவே உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் எந்த நேரத்தில் ரீடிங் ஆடுகிறது, எந்த நேரத்தில் நிற்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். பத்து நாளில் எனக்கே புரிந்துவிட்டது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வயல். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் விடுகிற நேரமெல்லாம் இங்கே ரீடிங் ஆடுகிறது. போய்ச் சொன்னேன். மேடம் என் முகத்தைப் பார்த்து, "எத்தனை தடவை பாத்தீங்க?" என்றார்.

இதுதான் அவர் வழக்கம். நல்ல சேதி சொன்னாலும் கெட்ட சேதி சொன்னாலும் முதல் கேள்வி அதுதான். குரல் உயராது. கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருப்பார். அன்றைக்கு நான் பத்து நாள் கணக்கையும் காட்டினேன். தன்னுடைய கெட்டி அட்டை நோட்டில் எழுதிக்கொண்டு, கீழே "கண்டுபிடித்தது: ராஜேந்திரன்" என்று போட்டார். அதுவரைக்கும் என் பேர் வருகைப் பதிவேட்டில் தவிர வேறு எங்கேயும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ப்ரீ ஆம்ப்பை பேட்டரியில் ஓட்டினோம், சுற்றிலும் தகரக் கூண்டு செய்து மூடினேன், மோட்டார் ஓடாத காலை நேரத்தில் அளந்தோம். வேலை எனக்குப் பிடித்துப்போனது.

இனி சொல்லப்போவது நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது.

மேடமிடம் பர்வீன் என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. கூத்தாநல்லூர். தினமும் ரெண்டு பஸ் மாறி வரும். அதன் அப்பா, அது அத்தா என்றுதான் சொல்லும், துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மங்கலான வெளிச்சத்தைக்கூடக் கண்டுபிடிக்கிற ஒரு ஃபிலிம் செய்வதுதான் அதன் ஆராய்ச்சி. கண்ணாடித் துண்டின்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அந்தப் பூச்சுப் போடுகிற மிஷின் எங்களிடம் கிடையாது. வெளியூரில் ஒரு லேபில் மாதக்கணக்கில் காத்திருந்து, முறை வந்ததும் போய், மூணே மூணு ஃபிலிம் செய்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. வெளிச்சமே இல்லாதபோது அந்த ஃபிலிமில் எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அளக்க வேண்டும். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல ஃபிலிம்.

அளக்கிறதுக்கான டப்பாவை நான்தான் செய்தேன். அலுமினியம். உள்ளே ஃபிலிம். காற்றுப் புகாமல் ரப்பர் வளையம் வைத்த மூடி. முன்பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு வெள்ளை டெஃப்லான் வட்டு, அதன் நடுவில் ஒரு முள். கேபிள் மாட்டாதபோது வட்டை மூடி வைக்க ஒரு பித்தளைத் திருகு மூடி. ஃபிலிமில் ஓடுகிற கரண்ட் அந்த முள் வழியாகத்தான் வெளியே வந்து கேபிளில் ஏறி ப்ரீ ஆம்புக்குப் போகும். டெஃப்லான் எதற்கு என்றால், அதன்மேல் கரண்ட் ஓடாது. முள்ளில் இருப்பது பக்கத்து அலுமினியத்துக்குக் கசியக் கூடாது, அங்கிருந்து இங்கேயும் வரக் கூடாது. வட்டை நானே லேத்தில் கடைந்தேன். ரொம்ப அழகாக வந்திருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

புரட்டாசியில் ரீடிங் ரெண்டு பிக்கோ ஆம்பியர். பர்வீன் குதிக்காத குறைதான். ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ரீடிங் முப்பது, நாற்பது என்று ஏறியது. வோல்ட் எதுவும் கொடுக்காமல் சும்மா வைத்திருந்தால்கூட ஏதோ ஓடுகிறது. மழை வலுத்தால் கூடுகிறது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "கருவி சரியா இருக்கா?"

"சரியா இருக்கு மேடம்."

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"மூணு தடவை மேடம்."

பொய் இல்லை. ப்ரீ ஆம்ப் வாயை மூடி போட்டு அடைத்து மூணு தடவை பார்த்தேன், சுத்தமாகப் பூஜ்யம். கேபிளையும் சேர்த்துப் பார்த்தேன், பூஜ்யம். டப்பாவை மட்டும் பார்க்கவில்லை. ஃபிலிமை வெள்ளிப் பசை வைத்து ஒட்டியிருந்தது, எடுத்தால் வீணாகிவிடும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம், அது நான் கடைந்த டப்பா. அதில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். கருவி சரி என்றால் கெட்டுப்போனது ஃபிலிம்தான், ஒன்று கெட்டால் கூடவே செய்த மற்ற ரெண்டும் அப்படித்தான். ஈரம் ஏறிவிட்டது என்று முடிவாகிவிட்டது. பர்வீனைக் கூப்பிட்டு, புதிதாக ஃபிலிம் செய்ய வேண்டும் என்று சொன்னார். அடுத்த முறை கிடைக்க எட்டு மாதம் ஆகும். ஆராய்ச்சி உதவித்தொகை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். வீட்டில், இந்த வருஷத்தோடு முடித்துவிடுவதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தது. அத்தா போனில் "சரிம்மா, நீ வீட்டுக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பர்வீன் பீரோச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தது. வெளியே நல்ல மழை. எங்கள் அட்டெண்டர் செல்லையா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவன், "என்ன பர்வீன், எங்களையெல்லாம் விட்டுட்டு ஓடப் பாக்குறியா? யாரு எனக்கு ஈத் பிரியாணி தருவா?" என்று கிண்டல் பண்ணினான். அது சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. செல்லையா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு காட்டியது. நான் கூண்டைத் திறந்து, டப்பாவிலிருந்து கேபிளைக் கழற்றலாம் என்று குனிந்தேன். அந்த வயதில் கிட்டப் போனால்தான் எனக்கு முள் தெரியும். மூக்கு நுனியில் கண்ணாடி, முகம் டப்பாவுக்கு ஒரு ஜாண் தூரம்.

"அண்ணே, எதையாவது தொட்டீங்களா?" என்றது பர்வீன்.

"இல்லையேம்மா."

"இருநூறுக்குக் குதிச்சிடுச்சு."

நிமிர்ந்தேன். நூற்றைம்பது, நூறு, எண்பது என்று மெதுவாக இறங்கியது. மறுபடி குனிந்தேன். ஏறியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். அப்போதும் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். ஏறவில்லை.

"உங்க மூச்சுண்ணே" என்றது பர்வீன், ரொம்ப மெதுவாக.

வாயால் ஊதிப் பார்த்தேன். முந்நூறு.

ஃபிலிம் ரப்பர் வளையம் போட்ட மூடிக்குள் இருக்கிறது. என் மூச்சு அங்கே போகவே முடியாது. மூச்சு படுவது வெளியே, அந்த வெள்ளை வட்டின்மேல் மட்டும்தான். உங்கள் தாத்தா வரப்பில், தண்ணீர் ஒழுகுகிற நண்டு வளை தேடிக்கொண்டு நடப்பார். தண்ணீர் எங்கே குறைகிறது என்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, கரையைப் பார்க்க வேண்டும் என்பார். நான் ஒரு மாதமாக வயலையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேபிளைக் கழற்றிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முள்ளைச் சுற்றி, முள்ளும் டெஃப்லானும் சேருகிற இடுக்கில், நூல் கனத்துக்கு ஒரு ரோஸ் நிறக் கோடு.

பர்வீன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது" என்றது.

"சொல்லும்மா."

"ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் வந்தப்ப, அந்த வட்டுல சந்தனம் குங்குமம் இருந்துச்சு."

எனக்கு உடனே எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளையும் கழற்றித் துடைத்து மேசையில் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்போம். ஒவ்வொன்றுக்கும் நெற்றி மாதிரி ஒரு இடம் இருக்கும், மீட்டருக்கு டிஸ்பிளேக்கு மேலே, கம்ப்யூட்டருக்குப் பட்டனுக்கு மேலே. இந்த டப்பாவுக்கு நெற்றி கிடையாது. முன்னால் வட்டமாக, வெள்ளையாக, பளிச்சென்று இருந்தது அந்த வட்டு ஒன்றுதான். பித்தளை மூடியைப் பாலீஷ் போடக் கழற்றியிருந்தேன். ஆசை ஆசையாக அதில்தான் சந்தனம் வைத்து, நடுவில் முள்ளை ஒட்டிக் குங்குமம் வைத்தேன். ரெண்டு நாள் கழித்து ஈரத் துணியால் துடைத்தேன். கண்ணுக்குச் சுத்தமாகிவிட்டது. குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. அது இடுக்கில் தங்கி, மழைக்கால ஈரத்தைக் குடித்து, முள்ளுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்திருக்கிறது.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிண்ணே சொல்றது? அதனாலதான்னு எனக்கும் தெரியாது. துடைச்சிடலாம்னு நினைச்சேன். நீங்க ஆசையா வெச்சதை நான் துடைச்சா... நான் சொன்னா அது வேற பேச்சாயிடும்ல."

பாருங்கள், பிள்ளைகளே. ஒரு பெண் பிள்ளை தன் படிப்பே போகிற நிலையிலும் என் மனசு நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நானோ மூணு தடவை பார்த்தேன் என்று மார்தட்டியிருக்கிறேன்.

சுத்தம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், அதில் அவசரப்பட முடியாது. உள்ளே ஃபிலிமின் ஒயர் முள்ளோடு சேர்ந்திருப்பதால் வட்டைக் கழற்ற வழியில்லை. இருந்த இடத்திலேயே செய்ய வேண்டும். கைக்கு உறை போட்டு, வாய்க்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். சுத்தமான ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, முள்ளிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. ஒருமுறை தொட்ட பஞ்சு மறுபடி படக் கூடாது. பர்வீன் குச்சியை எடுத்து எடுத்துக் கொடுத்தது. முதல் குச்சி ரோஸ். ஏழாவது குச்சி மஞ்சள். பதினாலாவது வெள்ளை. அதற்கு மேலும் அஞ்சு குச்சி. பிறகு மேசை விளக்கின் குண்டு பல்பு வெப்பம் லேசாகப் படுகிற தூரத்தில் வைத்து, பக்கத்தில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடுக்கி, கூண்டை மூடினேன்.

"மேடம் கேட்டா, டப்பாவுல தூசின்னு சொல்லிடலாம்ணே" என்றது பர்வீன். "தூசிதானே."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னது. எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. சாமி காரியத்தால் கெட்டது என்றால் டிபார்ட்மென்ட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நாலு வருஷத்தில் ஓய்வு. நல்ல பேரோடு போகலாம். ஆனால் தூசி என்றால் தூசியை விட்டது யார் என்று கேள்வி வரும். தினமும் அந்த டப்பாவைக் கையாண்டது பர்வீன். பழி தானாக அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

மறுநாள் காலை ரீடிங் ஒன்பது. மதியத்துக்குள் மூணு. இன்னொரு தடவை சுத்தம் செய்தோம். திங்கட்கிழமை, வெளியே மழை கொட்டுகிறது, மீட்டரில் ரெண்டு. ஊதினேன். ரெண்டு. பர்வீன் ஊதியது. ரெண்டு. செல்லையாவையும் கூப்பிட்டு ஊதச் சொன்னோம். "வெத்தலை வாசனைக்குக்கூட மசியலையே" என்றான்.

நான் மேடம் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வட்டு, பொட்டு, ஈரத் துணி, டப்பாவைப் பார்க்காமல் சரி என்று சொன்னது. அவர், நான் முடித்ததும், "எத்தனை தடவை பாத்தீங்க?" என்றார்.

"மூணு பேரு ஊதிப் பாத்தோம் மேடம். நாள் முழுக்க ரெண்டுதான்."

கெட்டி அட்டை நோட்டைத் திறந்தார். போன மாதப் பக்கத்தில் "கருவி சரி. ராஜேந்திரன், மூன்று முறை" என்று இருந்தது. பேனாவை என் பக்கம் நீட்டினார். "நீங்களே எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."

எழுதினேன். பொட்டு வைத்தது நான், ஈரத் துணியால் துடைத்தது நான், டப்பாவைச் சோதிக்காமல் சரி என்று சொன்னது நான் என்று எழுதினேன். கடைசி வரி கீழே இறங்கிவிட்டது. நோட்டை வாங்கி அவர் அதன் கீழே எழுதினார்: "எதை மூன்று முறை பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் தவறு." கையெழுத்தும் போட்டார்.

பிறகு பர்வீனைத் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. தானே எழுந்து லேபுக்கு வந்து, எல்லாரும் இருக்கும்போது, "உன் ஃபிலிம் நல்லாத்தான்மா இருக்கு. நாங்கதான் சரியாப் பாக்கல. சாவியை வாங்கிக்க" என்றார். பர்வீன் அப்போதுதான் அழுதது. அன்றைக்குச் சாயங்காலம் அதன் அத்தாவுக்கு மேடமே போன் போட்டுப் பேசினார் என்று பிறகு தெரிந்தது.

அந்த மூணு ஃபிலிமை வைத்தே பர்வீன் ஆராய்ச்சியை முடித்தது. இப்போது திருச்சியில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறது. வருஷம் தவறாமல் ஆயுத பூஜை அன்றைக்குப் போன் வரும். "அண்ணே, இந்தத் தடவை எங்க வெச்சீங்க?" நானும், "மேசைக் கால்லம்மா" என்பேன். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் லேபில் பொட்டு மேசைக் காலுக்குத்தான். "மிஷின் பட்டினி, மேசைக்கு விருந்து" என்று செல்லையா சொல்லாத வருஷம் கிடையாது. மேடம் இதைப் பற்றி ஒரு சட்டமும் போடவில்லை. எங்கே வைப்பது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்.

இளங்கோ, பந்தியில் கேட்ட அந்தப் பெரியவர் மறுபடி கேட்டால், மிஷின் பார்த்துக்கொண்டார் என்றே சொல். சரியான பதில்தான். என்னைப் போல ஐ.டி.ஐ. படித்தவன் எழுதிய ரீடிங்கை நம்பி ஒருத்தர் ஆராய்ச்சி செய்தார், நான் தப்பு செய்தபோது பேனாவை என் கையில் கொடுத்தார். இந்த மாதிரி இடத்தில் எனக்குச் சோறு கிடைத்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன்.

ஒன்று பாக்கி. போன மாதம் எனக்குப் பிரிவுபசாரம் நடந்தது இல்லையா, நீங்கள் ரெண்டு பேரும் அம்மாவோடு காரில் காத்திருந்தீர்கள், நான் பையை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனேன். பை என் கையில்தான் இருந்தது. சால்வை, மாலை, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக லேப் வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். மாலையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினேன். வராந்தா குழாயில் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையையும் கழுவி, வேட்டி நுனியில் ஈரம் போகத் துடைத்தேன். உள்ளே யாரும் இல்லை. டப்பா மேசையில் இருந்தது. வெள்ளை வட்டின்மேல் பித்தளை மூடி அரைத் திருகு தளர்ந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை இறுக்கிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
அப்பா